எழுதாமல் விட்ட புதன்கிழமை

அத்தியாயம் 14

போன வாரம் புதன்கிழமை நண்பகலில், லிஃப்ட் கதவருகே தம்பியின் கையிலிருந்து அக்கா பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாளே, அது ஒரு சாவி.

விரல் நீளம்தான். முனை முக்கோணமாக இருக்கும். எந்த மாடியில் நின்றாலும் லிஃப்டின் வெளிக்கதவைத் திறந்துவிடும். அந்த வேலை தெரிந்தவர்களிடம் மட்டுமே இருக்க வேண்டிய சாவி.

தம்பிக்கு அந்த வேலை தெரியும். பதினோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தான். உடைந்த எலும்புகள் கூடிவிட்டன. நெற்றிக்குப் பின்னால் மூளையில் பட்ட அடி மட்டும் ஆறவில்லை.

பேச்சு இருக்கிறது. கேலி இருக்கிறது. பலம் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. பயம் போய்விட்டது. ஒன்றைச் செய்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்று, செய்தால் என்ன ஆகும் என்று மனிதர்களை யோசிக்கவைக்கிற அந்த ஏதோ ஒன்று அவனை விட்டுப் போய்விட்டது.

இன்னொன்றும் போய்விட்டது. நாலு வேலையைச் சொன்னால் நாலையும் செய்வான். வரிசை மட்டும் இருக்காது.

வீட்டில் ஒரு நீல நோட்டு உண்டு. தினமும் மாலையில் அவனோடு இருந்தவர் அதில் எழுத வேண்டும். நல்ல நாளென்றால் பச்சைப் புள்ளி. உயிருக்கு ஆபத்தாக ஏதாவது நடந்தால் சிவப்பு. ஆறு மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அவனை வீட்டில் வைத்துப் பார்ப்பது முடியாது என்று, அவன் ஃபைலை வைத்திருக்கும் மறுவாழ்வு மைய மேடம் முடிவு செய்துவிடுவார். நாலு மணி நேரப் பயணத் தொலைவில், பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் இல்லத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு சிவப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டன. நாற்சந்தியின் நடுவே நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டது ஒன்று. காற்றில் பறந்த சட்டையை எடுக்க நாலாவது மாடியின் சன்ஷேடில் வெறுங்காலோடு நடந்தது இன்னொன்று. அதைப் பார்த்த அன்றுதான் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது, போன வாரப் புதன்கிழமை. லிஃப்ட் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இருட்டுக்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அன்று மாலை அக்கா நோட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பச்சைப் புள்ளி வைத்து, எதிரே 'அமைதி' என்று எழுதினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. தலைவாரிக்கொண்டிருந்த அக்காவின் மூக்குக்கு அந்த வாசனை எட்டியது.

சீப்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சமையலறையில் தம்பி மும்முரமாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அடுப்பின் குமிழ் திறந்திருந்தது. தீ இல்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும். பாத்திரத்தில் தண்ணீர் தயாராக இருந்தது. அவன் கோப்பையை உதறிவிட்டு இழுப்பறைக்குள் கையை விட்டான். லைட்டர் கையில் வந்தது.

"நில்லு! தொடாத!"

அவள் பாய்ந்து குமிழைத் திருப்பினாள். சன்னல்களைத் தள்ளித் திறந்தாள். அவன் லைட்டரை நீட்டிப் பிடித்தபடி, அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, பேய பாத்த மாதிரி? எல்லாம் செஞ்சாச்சே. நாலும்."

அடுப்புக்கு மேலே சுவரில் அட்டை ஒட்டியிருந்தது. ஒன்று, தண்ணீர் வை. இரண்டு, லைட்டரைக் கையில் எடு. மூன்று, அடுப்பைத் திற. நாலு, உடனே பற்றவை. அவன் சொன்னது பொய்யில்லை. நாலையும் செய்திருக்கிறான், அல்லது செய்யப் போனான்.

"தப்பா செஞ்சுட்டேனா?" குரல் சட்டென்று சின்னப் பிள்ளையினுடையது போல் ஆகிவிட்டது.

"இல்லடா. நீ போய் உட்காரு. டீ நான் போடறேன்."

"இதையும் நோட்டுல எழுதுவியா?"

வாசனை போகும்வரை காத்திருந்து அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். 'இதையும்' என்று அவன் சொன்னது அவளுக்குள் எங்கோ போய் விழுந்து, அடி தெரியாத கிணற்றில் போட்ட கல்லைப் போல் சத்தமே இல்லாமல் கிடந்தது. புதன்கிழமையை அவள் எழுதிவிட்டதாக நினைத்துச் சொல்கிறானா? எழுதவில்லை என்று தெரிந்து சொல்கிறானா?

"இன்னிக்கு அவ வர்றா இல்ல?" என்று மனைவியைப் பற்றிக் கேட்டான்.

"நாலு மணிக்கு. மேடமும் வர்றாங்க. நீ நல்ல சட்டை போட்டுக்கோ."

"எந்த மேடம்? அந்தப் பீரோ மேடமா?"

"டேய். அவங்க முன்னாடி அப்படிச் சொல்லிக் கில்லி வைக்காத."

"பீரோன்னா நல்ல பொருள்தானக்கா. கெட்டியா இருக்கும். எல்லாரோட ஃபைலும் உள்ள இருக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் வம்பு. அவன் பழையபடி சிரிக்கவைத்துவிடுவான். அந்தச் சிரிப்பில் அவள் கொஞ்சம் அசந்துவிடுவாள்.

"லிஃப்ட் முனகுதுக்கா. மூணாவது மாடி தாண்டறப்போ. கேட்டியா நீ?"

"நான்தான் லிஃப்ட்ல ஏறுறதையே விட்டுட்டேனே."

"எனக்கு மண்டையிலதான் அடி, காதுல இல்ல. அவ ஏறி வர்ற வண்டி அது. பாத்து வைக்கணும்."

"புகார் குடுத்திருக்காங்களாம். ஆள் வந்து பாப்பாங்க."

"அவனுங்களா? போட்டோ எடுத்துட்டுப் போவானுங்க." தேநீரை ஒரே மடக்கில் பாதி குடித்தான். வாய் சுட்டதாகவே தெரியவில்லை. "ஆமா, உன் பழைய கண்ணாடி எங்க?"

"எதுக்கு?"

"சும்மா. அதைப் போட்டா நீ ஆந்தை மாதிரி இருப்ப. அவ வர்றப்போ போட்டுக்கோ. சிரிப்பா."

அக்கா அவன் தலையில் தட்டப் போனாள். தையல் தழும்பு கண்ணில் பட்டதும் கையை இறக்கிக்கொண்டாள்.

*

ஒன்பது மணிக்கு நிழல் வந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் வைத்தது தம்பிதான். வாட்டசாட்டமான ஆள், ஆனால் நடப்பது கேட்காது. இப்படி அடிபட்டவர்கள் வீட்டில், தெருவில், கடையில் நாலு பேரைப் போல இருப்பதற்குக் கூடவே போகிற வேலை அவருடையது. தெருவில் பத்தடி பின்னால் வருவார். கையைப் பிடிக்க மாட்டார். ஆனால் சாலையோரத்தில் தம்பியின் கால் இறங்கும் முன்னால் எப்படியோ பக்கத்தில் இருப்பார்.

"நேத்து எப்படிக்கா?"

"அமைதிதான்."

"காலைல?"

"அமைதி."

நிழல் சமையலறையை எட்டிப் பார்த்தார். "சன்னல் எல்லாம் தொறந்து கெடக்கு?"

"புழுக்கமா இருந்துச்சு."

அவர் நோட்டை எடுத்துப் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். பச்சை, பச்சை, பச்சை. அவர் வராத அந்தப் புதன்கிழமையின் பக்கத்தைக் கடந்தபோது அக்கா மூச்சை நிறுத்தியிருந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"நாலு வாரமா ஒண்ணும் இல்ல. அதனாலதான் மேடம் ஒத்துக்கிட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் மூணே முக்காலுக்கு நான் மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வருவேன். பத்து நிமிஷம். அவரு வீட்ல தனியா இருப்பாரு. நல்லபடியா முடிஞ்சா நாலு மணிக்கு அதையே சொல்லலாம்."

"பத்து நிமிஷமா?"

"பயமா இருக்கா?"

அக்கா தலையை அசைத்தாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நிழல் நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "பக்கத்துல நின்னு தடுக்கறது பெரிய வேலை இல்லக்கா. அது பலம் இருந்தா போதும். அடுத்து எங்க போவாரு, எதைத் தொடுவாருன்னு முன்னாடியே தெரிஞ்சு அந்த வழியை அடைக்கணும். அதுக்கு எங்கிட்ட இருக்கறது இந்த நோட்டு ஒண்ணுதான்."

நோட்டின்மேல் இருந்த அந்தக் கையை அக்கா பார்த்தாள்.

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். சார், போன வாரம் புதன்கிழமை... அந்த முதல் சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"நிழலு! எவ்ளோ நேரம் கொஞ்சிக்கிட்டு இருப்பீங்க? நடக்கப் போலாம் வாங்க" என்று வாசலிலிருந்து தம்பி கத்தினான். செருப்பு மாட்டியாகிவிட்டது.

நிழல் எழுந்துவிட்டார். அந்தச் சொல் திரும்பி உள்ளே போய்விட்டது.

சாவி பத்திரமாகத்தானே இருக்கிறது என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய பழைய கண்ணாடிக் கூட்டுக்குள், துடைக்கும் துணிக்கு அடியில், துணி அலமாரியின் மேல்தட்டில். சின்ன வயதிலிருந்து அவள் எதை ஒளித்தாலும் அங்கேதான் ஒளிப்பாள்.

*

அக்கா வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி சட்டத்தை வளைத்து, கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து தருவது அவள் வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டவருக்குத் தலைவலி வரும். பதினாறு வருஷத்தில் அவள் அளவு தவறியதில்லை. இன்று ஒரே ஆளுக்கு மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் மூன்று எண் வந்தது.

மூன்று மணிக்குக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி வந்தாள். நாலு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டியவள் இங்கே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை.

"அண்ணி, ரெண்டு நிமிஷம் பேசணும்."

"பாப்பா எங்க?"

"அம்மா வீட்ல. கூட்டிட்டு வரல."

இருவரும் பரிசோதனை அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் பலகை சுவரில் ஒளிர்ந்தது. தம்பி மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியைப் படிக்க முயல்பவளைப் போல.

"எப்படி இருக்காரு?"

"நீ வர்றேன்னு நல்ல சட்டை எடுத்து வச்சிருக்கான்."

"அது கேக்கல அண்ணி."

வெளியே யாரோ சட்டம் பார்த்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"பாப்பா தெனமும் கேக்குது. அப்பாவுக்கு மண்டை காஞ்சுடுச்சான்னு. காயம் ஆறிடுச்சான்னு கேக்கத் தெரியாம அப்படிக் கேக்குது." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நோட்டுல நாலு வாரமா ஒண்ணும் இல்லைன்னு மேடம் சொன்னாங்க. அப்படின்னா ஞாயித்துக்கெழமை அரை நாள் பாப்பாவை அங்க விடலாமான்னு யோசிக்கறேன். நான் கீழ கடைக்குப் போனாக்கூட, அப்பாவும் பொண்ணும் கொஞ்ச நேரம் தனியா..."

அக்கா மேசைமேல் கிடந்த அளவுகோலை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"அதனால உங்ககிட்ட நேரா கேக்கறேன். நோட்டுல இருக்கறது எல்லாம் நெசம்தானா?"

அக்காவுக்குத் தெரியும், தான் இப்போது சொல்லப்போவது தம்பியைப் பற்றியது மட்டும் இல்லை, குழந்தையின் உயிரைப் பற்றியது என்று. ஆனால் பூட்டிய கேட்டை அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நீளமான தாழ்வாரம். சுவரோரமாகப் போட்ட நாற்காலிகள். எல்லா நாற்காலியிலும் ஆட்கள். ஒருவர்கூடப் பேசிக்கொள்ளவில்லை. தம்பி அங்கே போனால் ஒரு மாதத்தில் அவனுடைய கேலி நின்றுவிடும். கேலி போய்விட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது என்ன?

"நெசம்தான்" என்றாள்.

தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம். கடையில் தினமும் நூறு கண்களைப் பார்க்கிறவள் அக்கா. இந்தக் கண்களைத்தான் பார்க்க முடியவில்லை.

"சரி அண்ணி. உங்களை நம்பித்தான்" என்று அவள் எழுந்தாள். "நான் போய் மேடத்தைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்கு வந்துடறேன். அவங்களுக்கு முட்டி வலி. ஆட்டோ வச்சுத்தான் வரணும்."

கதவு மூடியது. பலகையின் விளக்கை அக்கா அணைத்தாள். இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான், எந்தக் காரணமும் இல்லாமல், காலையில் கேட்ட ஒரு குரல் திரும்பக் கேட்டது.

ஆமா, உன் பழைய கண்ணாடி எங்க?

பத்து வயதில் அவள் ஒளித்த மிட்டாய், பதினெட்டு வயதில் அவள் ஒளித்த கடிதம். எல்லாவற்றையும் அவன் எங்கிருந்து எடுத்தான்?

அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நிழலுக்கு நாலு முறை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. தம்பியோடு இருக்கும்போது ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவார், அது அவர் வழக்கம். ஐந்தாவது முறை எடுத்தார்.

"சொல்லுங்கக்கா."

"எங்க இருக்கீங்க?"

"மருந்துக் கடையில. மூணே முக்காலுக்குக் கெளம்புனேன். டிவி பாத்துக்கிட்டு நல்லா இருக்காரு. சட்டையெல்லாம் மாத்திட்டாரு. ஏன்க்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

மணி மூன்று ஐம்பது. கட்டடத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது.

"உடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்போதும் காரணத்தைச் சொல்லவில்லை.

அவள் வழக்கம்போலப் படியில் ஏறினாள். ஏறும்போது லிஃப்ட் கதவுக்கு மேலே இருந்த சின்னப் பெட்டியில் எண்ணைப் பார்த்தாள். மூன்று. இரண்டாவது மாடியில் பார்த்தபோதும் மூன்று. லிஃப்ட் அசையாமல் மூன்றாவது மாடியில் நின்றிருந்தது.

நாலாவது மாடி. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. டிவியில் யாரோ சத்தமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சோபாவில் ஆள் இல்லை. குளியலறையில் இல்லை. சன்ஷேடில் இல்லை.

அவள் கட்டில்மேல் கண்ணாடிக் கூடு திறந்து கிடந்தது. துடைக்கும் துணி நாலாக மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி இருந்தது.

அக்கா வெளியே வந்தாள்.

லிஃப்ட் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் அவனுடைய செருப்புகள். ஜோடியாக, ஒழுங்காக, முனைகள் கதவைப் பார்த்தபடி.

அவளுக்கு லிஃப்ட் பற்றித் தெரிந்ததெல்லாம் தம்பி சொன்னதுதான். அடிபடுவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தால் அதையேதான் பேசுவான். வெளிக்கதவு திறந்திருக்கும்வரை லிஃப்ட் ஓடாது. மூடினால் ஓடும். உள்ளே போகிறவனுக்கு நாலு வேலை. சாவி, சுவிட்ச், சோதனை, கால். சாவியால் திற. எட்டிக் கூண்டின் கூரைமேல் இருக்கும் நிறுத்தும் சுவிட்சை அமுக்கு. யாரையாவது பட்டனை அமுக்கச் சொல்லி, ஓடவில்லை என்று சோதித்துப் பார். பிறகுதான் கூரையில் கால் வை. கால் கடைசிக்கா, எப்பவும் கால்தான் கடைசி என்று விரல் மடக்கிச் சொல்வான். தவறினால் என்ன ஆகும் என்றும் ஒரு முறை சொல்லியிருக்கிறான். கூண்டு கீழே போகும்போது பக்கத்திலேயே ஒரு எடைக்கல் வரிசை மேலே வரும். அது வருவது கேட்காது என்றான்.

அவள் கதவின் இடுக்கில் வாயை வைத்தாள். கிரீஸ் வாசனை முகத்தில் அடித்தது.

"டேய்... உள்ள இருக்கியா?"

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, மிக அருகில், அவள் முழங்காலுக்குக் கீழே எங்கிருந்தோ, சந்தோஷமான குரல்.

"அக்கா! நீயா? முனகல் எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். ஒரு உருளைதான். காஞ்சு கெடக்கு."

"மேல ஏறி வாடா. கதவைத் திற."

"அஞ்சு நிமிஷம். அவ வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்."

"சரி, சரி. கோவப்படல. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு." குரலை உடையவிடாமல் பிடித்துக்கொண்டாள். "சுவிட்சை அமுக்கினியா? நிறுத்தற சுவிட்ச். அமுக்கிட்டுத்தான் கால் வச்சியா?"

"எல்லாம் செஞ்சாச்சுக்கா" என்றான் தம்பி. "நாலும்."

காலையில் சமையலறையில் இருந்த உஸ்ஸென்ற சத்தம் அவள் காதில் மறுபடி கேட்டது.

"இப்ப அமுக்குடா. மறுபடியும் அமுக்கு. எனக்காக."

"அதான் செஞ்சாச்சுங்கறேன்ல? எனக்கே பாடம் எடுக்கறியா?" குரலில் சூடு ஏறியது. இந்தச் சூடு வந்துவிட்டால் அவனிடம் வார்த்தை ஏறாது. கீழே ஒரு ஸ்பேனர் இரும்பில் மோதும் சத்தம் கேட்டது.

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. தம்பி மனைவி.

"அண்ணி, கீழ வந்துட்டோம். மேடமும் பக்கத்துல இருக்காங்க. படி ஏற முடியாது அவங்களால. லிஃப்ட்லயே வந்துடறோம்."

அக்காவுக்கு ஒரு பொய் கிடைத்தது. தேடவே இல்லை, தானாக வந்து கையில் உட்கார்ந்தது. லிஃப்ட் ரிப்பேர்ம்மா, தொடாதீங்க. பத்து நிமிஷம் கீழயே உக்காருங்க. அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். நிழல் வந்துவிடுவார், எப்படியாவது அவனை மேலே எடுத்துவிடலாம், செருப்பை மாட்டிவிடலாம், நோட்டு அப்படியே பச்சையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குழந்தை வரும்.

குழந்தை வரும்.

அவனோடு தனியாக இருக்கும். அடுப்பு இருக்கும். சன்ஷேடு இருக்கும். எல்லாம் செஞ்சாச்சு பாப்பா என்று அவன் சொல்வான்.

அக்கா கண்ணை மூடினாள். வாய் திறந்திருந்தது. எந்தச் சொல்லும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மூச்சு இருக்கும், இல்லை இரண்டு.

"அண்ணி? கேக்குதா?"

"பட்டனைத் தொடாத" என்றாள் அக்கா. சொல்லத் தொடங்கியதும் எல்லாம் ஒரேயடியாக வந்தது. "அவன் உள்ள இருக்கான். கூரை மேல. அவன்கிட்ட சாவி இருக்கு. போன வாரம் புதன்கெழமையே இந்தக் கதவைத் தொறந்தான். எனக்குத் தெரியும். நான் எழுதல. மேடத்துக்கிட்ட சொல்லு, நான்தான் எழுதல. லிஃப்டை மட்டும் தொடாதீங்க!"

ஃபோனில் ஆட்டோ ஒன்று திரும்பிப் போகும் சத்தம். யாரோ பெரிதாக மூச்சு விடும் சத்தம்.

"அண்ணி." தம்பி மனைவியின் குரல் மிக மெல்லியதாக இருந்தது. "நீங்க பேசாம இருந்தீங்களே. நான் அமுக்கிட்டேன்."

கதவுக்கு மேலே இருந்த பெட்டியில், மூன்றுக்குப் பக்கத்தில், கீழ்நோக்கிய அம்பு சிவப்பாக எரிந்தது.

கட்டடத்தின் தலைக்குமேல் எங்கோ மோட்டார் உறுமியது. கதவுக்குப் பின்னால் கம்பிக் கயிறுகள் இழுபட்டன. அக்கா இரண்டு உள்ளங்கைகளாலும் கதவை அறைந்தாள். நகத்தை இடுக்கில் விட்டுப் பிளக்கப் பார்த்தாள். தகடு அசையவில்லை.

"வந்துட்டாளாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"உக்காருடா! நடுவுல உக்காரு! கை காலை வெளிய நீட்டாத!"

"கேட்டியா, இப்ப முனகவே இல்ல. இரு, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

குரல் அவள் முழங்காலிலிருந்து பாதத்துக்கு இறங்கி, பாதத்திலிருந்து தரைக்கு அடியில், கீழே, கீழே போய்க்கொண்டிருந்தது.